வழி தப்பிய முப்பத்தெட்டுப் பேர்

முப்பத்தெட்டுப் பேரை மலைப்பாதையில் வழி மாற்றிவிட்ட பெருமை முழுக்க நம்ம லிஃப்ட் மெக்கானிக்கையே சேரும். ஓட்டப் பந்தயத்துக்கு முந்தின நாள், வழிகாட்டும் ஆரஞ்சு நாடாக்களை மரங்களில் கட்டும் வேலையை அவனேதான் கேட்டு வாங்கினான். பெரிய பாறையருகே வரைபடம் வலப்பக்கம் போகச் சொன்னது. கால் கேட்டால்தானே? பள்ளிக்கூடம் விட்டதும் வீட்டுக்கு ஓடிய பழைய குறுக்குவழியில் இறங்கிவிட்டது. ஐம்பது அடிக்கு ஒரு நாடா, இரட்டை முடிச்சு. தலை நிமிர்ந்தால் அண்ணனின் வெல்டிங் பட்டறை. அவிழ்த்துக்கொண்டே திரும்பலாம் என்று நினைத்தபோது உள்ளே இருமல் கேட்டது. நம்ம மெக்கானிக் ஐயா தார்ச்சாலை வழியாக எடுத்தார் ஓட்டம். யாரிடமும் மூச்சுவிடவில்லை.

மறுநாள் மொத்தக் கூட்டமும் பட்டறை வாசலில் வந்து நின்றது.

"அண்ணே, தண்ணி குடுக்கிற எடம் இதுதானா?"

"இது இரும்பு கேட்டு செய்யிற எடம்மா. தண்ணி வேணும்னா குழாய் அங்க இருக்கு."

"நாடா கட்டுன புண்ணியவான் மட்டும் கையில கெடைச்சான்..." என்று ஒருவர் பல்லைக் கடித்தார்.

குடித்துவிட்டு, திட்டிக்கொண்டே எல்லாரும் திரும்பி ஓடினார்கள். பந்தயத்தில் தானும் ஓடிய புண்ணியவான் கடைசியாக நொண்டிக்கொண்டு வந்து சேர்ந்தான்.

அப்பாவோடு சண்டை போட்டு வீட்டைவிட்டுப் போனவன் அவன். ஏழு வருஷத்துக்கு முன் அவர் செத்த செய்தி, எல்லாம் முடிந்த மூன்றாம் நாள்தான் அவனுக்கு எட்டியது. சாகும்போதாவது தன்னைத் தேடினாரா என்று போனில் கேட்கும்போதெல்லாம் அண்ணனுக்கு சிக்னல் போய்விடும்.

"வாடா. ஊரையே கூட்டிட்டு வந்திருக்கே."

"அப்பா என்னைக் கேட்டாராண்ணே?"

"மொதல்ல உக்காரு. முட்டியெல்லாம் ரத்தம்."

"ரத்தம் கெடக்கட்டும். இங்க சிக்னல் வேண்டாம்ல? சொல்லு."

அண்ணன் சிரிக்கவில்லை. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, பாதி ஒட்டவைத்த கேட்டின் மேல் வைத்தார். அவர் கண்கள் சிவந்திருந்தன. அந்த வேலைக்கு அது வழக்கம்தான்.

"நீ போன கோவம் எனக்கு. எல்லாத்தையும் நான் ஒருத்தனாத்தானே பாத்தேன்."

"அண்ணே, கேட்டாரா, இல்லையா?"

"கேட்டாரு. படுக்கையில கெடந்த பதினோரு நாளும் கேட்டாரு. 'போன் பண்ணேன், அவன் வரமாட்டேன்னுட்டான்'னு அவர்கிட்ட சொல்லிட்டேன். நான் போனே பண்ணலடா."