சாட்சிக் கையெழுத்து

மோலி நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்று மூன்று மாதம் ஆகியிருந்தது. முப்பத்திநாலு வருடம் வார்டு வார்டாக நடந்த கால்கள் வீட்டுக்குள் அடங்க மறுத்தன. சர்ச் வாட்ஸ்அப் குழுவில் ஒருநாள் ஓர் அறிவிப்பு வந்தது: குடும்ப வரலாறு தேடப் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஆன்லைன் பயிற்சி, ஆறு சனிக்கிழமை, தமிழில். யோசிக்காமல் பெயர் கொடுத்துவிட்டாள்.

பாடம் நடத்திய ரூபா ஏதோ ஆவணக் காப்பகத்தில் வேலை பார்த்தவள். முதல் வகுப்பிலேயே கறாராகச் சொன்னாள்: "உங்ககிட்ட இருந்து தொடங்குங்க. அப்புறம் அப்பா அம்மா, அப்புறம் தாத்தா பாட்டி. எந்தத் தகவல் எங்க கிடைச்சுதுன்னு பக்கத்துலயே எழுதணும். காதுல விழுந்ததுன்னா, காதுல விழுந்ததுன்னே எழுதுங்க."

மோலிக்கு இது பிடித்துப்போனது. வார்டிலும் அதுதானே சட்டம். சீட்டில் எழுதாத மருந்து, கொடுக்காத மருந்துக்குச் சமம்.

இரண்டாவது வாரம் வீட்டுப்பாடம் வந்தது. குடும்பத்தில் உயிரோடு இருப்பவர்களில் வயதில் மூத்தவரிடம் பேச வேண்டும். மோலிக்கு அப்படி ஒருவர்தான் மிச்சம், லூர்து அத்தை. அப்பா சவரிமுத்துவின் ஒரே தங்கை. காளியப்பன் என்ற லாரி டிரைவரோடு ஓடிப்போனாள், அப்பா அதற்குப்பின் அவள் முகத்திலேயே விழிக்கவில்லை என்பதுதான் மோலி கேட்டு வளர்ந்த கதை. அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்தும் பல வருடம் ஆகிவிட்டது.

"சும்மா எதுக்குப் பழசைக் கிளறுற?" என்றார் கணவர் மைக்கேல். "அவங்க பேசலைன்னா?"

"பேசலைன்னு எழுதி வெச்சிடறேன்."

அத்தை வாழ்க்கைப்பட்ட கௌதள்ளிதான் மோலியோடு வேலை பார்த்த தாரணிக்கும் சொந்த ஊர். இரண்டே நாளில் அத்தையின் நம்பரை வாங்கித் தந்தாள்.

"யாருங்க?"

"மோலி பேசறேன் அத்தை. மைசூர்ல இருந்து. சவரிமுத்து பொண்ணு."

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த மிக்ஸி நின்றது. "ஏங்கண்ணு, இப்பத்தான் உனக்கு வழி தெரிஞ்சுதாக்கும்?"

குரலில் கோபம் இல்லை. மோலி பயந்துகொண்டே வகுப்பில் தந்த படிவத்தைப் பார்த்து ஒவ்வொன்றாகக் கேட்டாள். பிறந்த தேதி, ஞானஸ்நானம் எடுத்த கோயில், படித்த பள்ளிக்கூடம். எல்லாவற்றுக்கும் டக்டக்கென்று பதில் வந்தது. கல்யாணம் என்ற கட்டத்தில் மோலி தயங்கினாள்.

"நீங்க ஓடிப்போய்த்தானே அத்தை..."

"ஓடிப்போறவ எதுக்குக் கண்ணு ரிஜிஸ்டர் ஆபீஸ்ல நோட்டீஸு ஒட்டி முப்பது நாளு காத்துக் கெடக்கோணும்? இரு, பேத்தியை விட்டுப் படம் புடிச்சு அனுப்பறேன்."

கால் மணி நேரத்தில் போனுக்குப் படம் வந்தது. மடிப்பு மடிப்பாகப் பழுத்த திருமணச் சான்றிதழ். மோலி விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். மணமகன், மணமகள், பதிவாளர். கீழே மூன்று சாட்சிகள். முதல் கையெழுத்தின் கடைசி எழுத்து பின்னால் வளைந்து, முழுப் பெயருக்கும் அடிக்கோடாக ஓடியிருந்தது. அவளுடைய பள்ளிக்கூட ரேங்க் கார்டுகளில் எல்லாம் இருந்த அதே கையெழுத்து. அப்பா.

அவள் மறுபடி போன் போட்டபோது அத்தை எதிர்பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்கப்பனுக்குத் தெரிஞ்சிருந்தா அண்ணனையும் வீட்டை விட்டுத் தொரத்தியிருப்பாரு. யாருகிட்டயும் சொல்லாதேன்னு கேட்டுக்கிட்டான். நானும் சொல்லலை. ஆனா வருசத்துக்கு ஒருக்கா கொள்ளேகாலத்துல ஆபீஸு வேலைன்னுட்டு இங்க வந்து, ஒரு நேரம் சோறு தின்னுட்டுப் போவான். உங்கம்மாளுக்கு என்னைய ஆவாது பாரு, அதனால ராத்தங்க மாட்டான். அவன் செத்துப்போனதுதான் எனக்கு ஒரு மாசங்கழிச்சுத் தெரிஞ்சுது."

"மன்னிச்சிடுங்க அத்தை. எங்களுக்குத் தெரியாம போச்சு."

"தெரிஞ்சாத்தானே சொல்லியிருப்பீங்க. விடு. எப்ப வர்றே?"

மோலி அன்று இரவுச் சமையலை மறந்தாள். மைக்கேலுக்குப் படத்தைக் காட்டியபோது அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை பார்த்தார். "மாமா சாதுன்னுல்ல நெனச்சேன்," என்றார். அப்புறம் அவரே பஸ் நேரம் விசாரித்தார்.

ஐந்தாவது வகுப்பன்று இருவரும் கௌதள்ளியில் இருந்தார்கள். காளியப்பன் மாமா களியும் கோழிக்குழம்பும் தானே பரிமாறினார். "எத்தனை சொன்னாலும் மச்சான் ரெண்டாவது உருண்டை வாங்க மாட்டாரு. நீயாச்சும் வாங்கு," என்று மோலியின் தட்டில் வைத்தார். மைக்கேல் சாப்பிட்ட களைப்பில் பாயில் சாய்ந்துவிட்டார். நாலு மணிக்கு மோலி போனைச் சொம்பில் சாய்த்துவைத்து வகுப்பில் சேர்ந்தாள். அத்தை பக்கத்தில் வந்து உட்கார்ந்து, திரையில் தெரிந்த இருபது முகங்களையும் ஆற அமரப் பார்த்தாள்.

"யாருக்காவது சந்தேகம் இருக்கா?" என்று ரூபா கேட்டாள்.

மோலி வாய் திறப்பதற்குள் அத்தை முந்திக்கொண்டாள். "எனக்கிருக்குதுங். எங்க தாத்தன் பேரு வரைக்கும் தெரியும். அவிங்கப்பன் பேரு தெரியோணும்னா எங்க போய்ப் பாக்கோணும்?"

"தாத்தா ஞானஸ்நானம் எடுத்த கோயில் தெரியுமா அம்மா? அந்தப் பதிவேட்டுல அப்பா பேர் இருக்கும்."

"மைசூர்லதானுங். அங்கதான் பொறந்தாரு."

அத்தை மோலியின் பக்கம் திரும்பினாள். "நாளைக்கு உங்ககூடவே நானும் வர்றேன். ஒரு வாரம் இருக்கற மாதிரி."