ஏழு மணிக்கு வருகிறவர்

…பதினெட்டு ஆகிவிடக் கூடாது, பதினேழோடு நின்றுவிட வேண்டும், முப்பதுக்குப் பதினெட்டு வாங்கிவிட்டால் அம்மா தனியாக இருக்கத் தகுதியுள்ளவர் என்று அந்தப் படிவம் சொல்லிவிடும், பகல்நேரப் பராமரிப்பு மையத்தில் இடம் கிடையாது, நான் வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்கார வேண்டியதுதான்… பெற்றவள் பரீட்சையில் தோற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு எவனாவது சுவரோரம் நிற்பானா? நான் நிற்கிறேன். அம்மாவோ நாற்காலியில் முதுகைச் சாய்க்காமல் உட்கார்ந்திருக்கிறாள், தலை படிய வாரி, வெளியே போகும்போது மட்டும் போடுகிற நீலச் சட்டையைப் போட்டு, பொத்தான் ஒன்றுகூட வரிசை தப்பவில்லை. நேற்றுக் காலை இதே சட்டையின் ஒரு கைக்குள் இரண்டு கையையும் நுழைக்கப் பார்த்து அழுதவள் இவள்தான் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? எதிரே நலத்துறை அதிகாரி, ஐம்பது வயதுப் பெண்மணி, கழுத்தில் அட்டை, மடியில் படிவம், குரலில் அவசரமில்லை. “இன்னைக்கு என்ன கிழமைம்மா?” என்கிறார். அம்மா கண் சிமிட்டாமல், “உங்களுக்கு எந்தக் கிழமை வசதி?” என்கிறாள். அதிகாரி சிரித்துவிட்டார். பேனா அசைந்தது. இதற்கு மதிப்பெண் உண்டா, இல்லையா? நான் நிற்கிற இடத்திலிருந்து படிவம் தெரியவில்லை, கொஞ்சம் எட்டிப் பார்த்தால் தெரியும், எட்டிப் பார்த்தால் நான் எதற்கோ பறக்கிறேன் என்று அவர் நினைப்பார், பறக்கத்தானே செய்கிறேன்…

இருபத்தாறு வருடம் பேருந்து நிலையத்தில் விசாரணைச் சன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்தவளிடம் போய்க் கேள்வி கேட்கிறார்களே, மீன்குஞ்சுக்கு நீச்சல் பரீட்சையா? தெரியாது என்கிற வார்த்தையே அந்தக் கூண்டுக்குள் கிடையாது என்பாள் அம்மா, தெரிந்தால் சொல்லு, தெரியாவிட்டால் கேட்டவன் சிரித்துக்கொண்டு போகிற மாதிரி ஏதாவது சொல்லு, வரிசை நகர வேண்டும், அவ்வளவுதான். வயது என்ன என்றதற்கு, “நீங்களே சொல்லுங்க, குறைச்சுச் சொன்னா ஒத்துக்கறேன்” என்றாள். வீட்டு எண்ணை நிஜமாகவே சரியாகச் சொன்னாள். ஐந்து நிமிடம் முன்னால் சொல்லி வைத்த மூன்று பொருளையும் திருப்பிச் சொல்லச் சொன்னபோது எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது, இதில் நிச்சயம் விழுவாள் என்று, ஆனால் அவள் விரல் மடக்கி, “சாவி, குடை, எலுமிச்சை. எங்கேயாவது தொலைச்சுட்டீங்களா?” என்றாள். எத்தனை ஆச்சு… பதினாறா, பதினேழா? அம்மா, ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு தடவை எனக்காகத் திணறக் கூடாதா?

என் நோட்டுப் புத்தகத்தை அதிகாரி கையில் எடுக்கிறார். தொண்ணூற்றிரண்டு நாள். மனு கொடுத்த அன்றே, நடப்பதைத் தேதி போட்டுக் குறித்து வையுங்கள் என்று அலுவலகத்தில் சொன்னார்கள், சொன்னதும் கோடு போட்டு நான்கு பத்தியாகப் பிரித்துவிட்டேன், தேதி, நேரம், கேட்டது, சொன்னது. நான் பகலில் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் குப்பிகளுக்கு எண் ஒட்டுகிறவன், மாலையில் ஒன்றரை மணி நேரம் ஆய்வக உதவியாளர் படிப்பு, ஏழு மணிக்கு வீடு, பையை இறக்கியதும் நோட்டு, காலை அவசரத்தில் எழுத நேரமேது. கண்ணால் பார்த்ததை மட்டுமே எழுத வேண்டும் என்று எனக்கு நானே ஒரு விதி வேறு. அவர் புரட்டப் புரட்ட எனக்கே தெரிகிறது, ஏழு மணி: நன்றாக இருந்தாள், ஏழு மணி: எல்லாம் சரியாகச் சொன்னாள், ஏழு மணி: கட்டில் விரிப்பை நீவி வைத்திருந்தாள்… இது யாருக்குச் சாதகமான சாட்சி? “சாயங்காலம் நல்லாத்தானே இருக்காங்க தம்பி?” என்கிறார். பகலில் அப்படியில்லை மேடம் என்றேன், போன வாரம் இறங்கிப் போய்ப் பேருந்து நிறுத்தத்தில் மூன்று மணி நேரம் நின்று, எப்போதோ நிறுத்திவிட்ட பேருந்துகளுக்கெல்லாம் ஜனங்களுக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தாள், கீழ்த்தளத்துத் தையல்காரர்தான் கையைப் பிடித்துக் கூட்டி வந்தார் என்றேன். “அது இதுல இல்லையே?” நான் பார்க்கவில்லையே மேடம், அவர் சொல்லிக் கேட்டதுதானே… சொல்லி முடிப்பதற்குள் நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஏட்டுச் சுரைக்காய், ஏட்டுச் சுரைக்காய், தொண்ணூற்றிரண்டு நாளாகக் கொடியேற்றி வளர்த்த ஏட்டுச் சுரைக்காய். நான் பொய் சொல்வதாக நினைக்கிறாரோ? அம்மாவைத் தள்ளிவிடப் பார்க்கிற பையன் என்று? நிறையப் பேரைப் பார்த்திருப்பார், என் முகமும் அந்த மாதிரி முகம்தானோ?

அப்போதுதான் அம்மா முன்னால் சாய்ந்தாள். அவள் கண் நோட்டின் மேலேயே இருந்தது. “அதுல என்ன எழுதியிருக்கார்?” யார் என்று அதிகாரி கேட்க, அம்மா என் பக்கம் முகவாயைத் திருப்பினாள். “இவர்தான். ஏழு மணிக்கு வர்றவர். உங்க ஆபீஸ் ஆளுதானே, உங்களுக்குத் தெரியாதா?” நான் சிரிக்கப் பார்த்தேன், அம்மாவின் கேலி என்று, தாமதமாக வந்தால் வாங்க சார் என்று வரவேற்கிற அம்மாதானே… ஆனால் அதிகாரி சிரிக்கவில்லை. பேனாவை மூடி வைத்தார், மறுபடி திறந்தார். இவர் வந்தால் என்ன செய்வார் என்று மெதுவாகக் கேட்டார். “உக்காருவார். நோட்டை எடுப்பார். கிழமை கேப்பார், சாப்டீங்களான்னு கேப்பார். நல்ல மாதிரிதான், குத்தம் சொல்லக் கூடாது. ஆனா மணி ஆறானாலே எனக்குப் பதறும். தலையை வாரி, விரிப்பை இழுத்து விட்டு, எல்லாத்தையும் ஒருதரம் சொல்லிப் பார்த்துட்டு உக்காந்திருப்பேன்.” எதற்கு இவ்வளவு பாடு என்றார் அதிகாரி. அம்மா என்னை ஒரு முறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள், சின்ன அறை, எவ்வளவு தாழ்த்தினாலும் கேட்கும். “எனக்கு ஒரு பையன். வேலைக்கும் போறான், படிக்கவும் படிக்கிறான். அம்மாவைத் தனியா போட்டுட்டுப் போறான்னு இவர் எழுதிட்டா? அவன் தலையில விடியாதா?”

பரிசோதனைக் கூடத்தில் முதல் நாளே சொல்லித் தருவார்கள், குப்பியின் உள்வாயில் விரல் படக் கூடாது, பட்டால் நீ அளப்பது தண்ணீரை அல்ல, உன் விரலை. தொண்ணூற்றிரண்டு நாளும் நான் எதை அளந்தேன்? ஆறு மணிக்குப் பதறுகிற ஒருத்தியையா, என்னைக் காப்பாற்றுவதற்காக என்னிடமே… சரி, பையன் எப்போது வருவான் என்று அதிகாரி கேட்டார். அம்மா வாயைத் திறந்தாள். விசாரணைச் சன்னலில் முதல் முறையாக வரிசை நின்றுவிட்டது. விரலை மடக்கினாள், விரித்தாள். “வருவான்,” என்றாள். “இவர் போனப்புறம் வருவான்.”

“பத்தொன்பது வந்திருக்கு,” என்றார் அதிகாரி, வாசலுக்கு வெளியே, படிக்கட்டின் மேல்படியில் நின்றுகொண்டு. பத்தொன்பது. போயிற்று, எல்லாம் போயிற்று. ஆனால் அவர் பேசிக்கொண்டே இருந்தார், கடைசியில் ஒரு கட்டம் இருக்கிறதாம், நேரில் கண்டது என்று, அதில் எழுதினால் மதிப்பெண்ணுக்கும் மேலே அது நிற்குமாம், எழுதிவிட்டாராம். “நாங்க எழுதினதை மேல யாரும் மாத்த மாட்டாங்க. திங்கக்கிழமை எட்டரைக்கு வண்டி வரும், ஒரு மாத்து உடுப்பு கொடுத்து விடுங்க. வாரத்துல அஞ்சு நாள்.” கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டேன். அஞ்சு நாள், எட்டரை, வண்டி, இனிமேல் கூடத்தில் எண் ஒட்டும்போது தையல்காரர் எண்ணிலிருந்து போன் வருகிறதா என்று பார்க்க வேண்டாம், நிதானமாகத் தண்ணீர் குடிக்கலாம், வகுப்பில் கடைசி அரை மணி நேரத்தையும் உட்கார்ந்து கேட்கலாம்… அம்மா என்னை அடையாளம் தெரியாமல் போனதால் கிடைத்த இடம், அதற்கு இவ்வளவு நிம்மதியா? வெட்கமாக இல்லை? இல்லை. கொஞ்சம்கூடவா? கொஞ்சம் இருக்கிறது, ஆனால் நிம்மதிதான் பெரிதாக இருக்கிறது, பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது. இரண்டு படி இறங்கியவர் திரும்பினார். “நோட்டு போட்டது தப்பில்லை தம்பி, சொன்னதே நாங்கதானே. இனிமே வேண்டாம். கேள்வி கேக்கறது எங்க பொழைப்பு, அதை எங்ககிட்ட விட்டுடுங்க.” சரி மேடம் என்றேன். அழுதுவிடுவேனோ என்று சந்தேகமாக இருந்ததால் இன்னொரு முறையும் சரி மேடம் என்றேன்.

உள்ளே வந்தால் அம்மா அப்படியே இருக்கிறாள், முதுகு நேராக, கை மடியில், கழுத்து நரம்பு புடைத்து. அதிகாரி போய்விட்டாரே, இன்னும் எதற்கு… ஓ. இன்னும் ஒருவர் போகவில்லை. நான்தான் உன் பையன் என்று சொல்ல வாயெடுத்தேன், சொன்னால் அதையும் ஏதோ கேள்வி என்று நினைப்பாளோ? போயிட்டு வரேன் என்று மட்டும் சொன்னேன். “சரிங்க, பார்த்துப் போங்க,” என்றாள் மரியாதையாக. வெளியே வந்து கதவை ஒருக்களித்துவிட்டுப் படியில் நின்றேன். பிறகு அம்மாவின் பெருமூச்சு கேட்டது, நீளமாக, சுமைகூலிக்காரன் மூட்டையை இறக்குகிற மாதிரி, நாற்காலி கிரீச்சிட்டது, ஒரு செருப்பு தரையில் விழுந்தது, இன்னொன்றும் விழுந்தது. ஏதோ முனகினாள், பாட்டா, அலுப்பா, தெரியவில்லை. எவ்வளவு நாளாயிற்று அம்மா சாய்ந்து உட்காருகிற சத்தத்தைக் கேட்டு? கேட்கக் கேட்க என் தோளும் இறங்கியது, இரண்டு பேரும் கதவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக இளைப்பாறிக்கொண்டிருந்தோம். இனி உள்ளே போக வேண்டும். பையன் எப்படிப் போவான்? வேகமாகவா, ஏதாவது கத்திக்கொண்டா, பசிக்குது என்றா… தினமும் வந்துகொண்டுதானே இருந்தேன், எப்படி வந்தேன் என்று யாராவது கேட்டால் என்னால் சொல்ல முடியவில்லையே.

“யாரு வாசல்ல?” என்றாள் அம்மா.

“நான்தாம்மா.”

“கதவு திறந்துதானே இருக்கு,” என்றாள். பையனிடமும் அப்படித்தான் சொல்வாள், அதிகாரியிடமும் அப்படித்தான், வழி கேட்டு வந்த யாரிடமும். நான் கதவைத் தள்ளினேன், அம்மா காலை நீட்டிச் சாய்ந்தபடி இருந்தாள், என்னைப் பார்த்தாள், காலை மடக்கவில்லை.