டீனின் ஃபைல்

அன்று மெக்கானிக் ஷெட்டில் இருந்தவர்கள்: ஷெட்டின் சொந்தக்காரர் லைல் பாஸ்கோ, வாசலில் நாற்காலி போட்டு, இறைச்சி அடைத்த மீட் பை தின்றுகொண்டிருந்தார். ரேலீன் ஹாக்கிங், வண்டியைக் கொண்டுவந்தவள். கிம், அதாவது நான். அப்புறம் வண்டி. வேறு யாரும் இல்லை. பிறகு நான் பலமுறை எண்ணிப் பார்த்துவிட்டேன்.

ஜனவரி மாதம், எங்கள் பக்கம் அதுதான் உச்சக் கோடை, பகல் இரண்டு மணி, நாற்பத்துமூன்று டிகிரி. எங்கள் எலிசபெத் ஊரில் அந்த நேரத்தில் ஸ்பானரை வெறும் கையால் எடுக்க முடியாது.

வண்டி ரேலீனின் தம்பி டீனுடையது. ஃபால்கன் யூட், முன்னால் கார், பின்னால் சாமான் ஏற்றும் திறந்த தொட்டி; ஆறு சிலிண்டர், டர்போ. டீன் இரண்டு வருடம் முன்பு புற்றுநோயில் செத்துப்போனான். எஞ்ஜின் கணினியில் கம்பெனி போட்டிருந்ததைத் தூக்கிவிட்டு, இரண்டு குளிர்காலம் உட்கார்ந்து தன் ஃபைலைத் தானே எழுதியவன். எப்போது எவ்வளவு பெட்ரோல், எப்போது தீப்பொறி, டர்போ எவ்வளவு ஊத வேண்டும், எல்லாம் அவன் கணக்கு. யாருக்கும் காட்டியதில்லை. அவன் வண்டியில் எவனாவது கை வைத்தால், அவனைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கதவைப் பூட்டி, வேக்ஃபீல்ட் சாலையில் ஒரு சுற்றுக் கூட்டிப்போவான். இறங்கியவன் அன்று சாப்பிட மாட்டான். லைலும் ஒருமுறை போயிருக்கிறார்.

ரேலீனுக்கு அந்த ஃபைலோடு வேலைக்குப் போக முடியவில்லை. சிக்னலில் கால் வைத்தால் எகிறுகிறது என்றாள். சாதுவான ஃபைல் ஒன்று வேண்டும். ஆனால் அதைப் போடுவதற்கு முன் டீனுடையதைப் பிரதி எடுத்துவிட வேண்டும். அவனுடைய லேப்டாப் போய்விட்டது. வேறெங்கும் பிரதி இல்லை.

"அவன் குரல்கூட என் போன்ல இல்ல, கிம். இது ஒண்ணுதான் இருக்கு."

எடுத்து வைக்கிறேன் என்றேன். காபி வாங்கி வருவதாகக் கடைக்குப் போனாள்.

எங்கள் தொழிலில் இருக்கிற ஒரே ஒழுக்கம் இது: எழுதுவதற்கு முன் உள்ளே இருப்பதைப் படித்து எடு. படிக்க நாற்பது நிமிடம், எழுத நான்கே நிமிடம். முந்தின நாள் இதே மாதிரி இன்னொரு ஃபால்கன் வந்திருந்தது. அதன் ஃபைல் 'ஃபால்கன் யூட் பழசு' என்ற பெயரில் என் லேப்டாப்பில் கிடந்தது. அதைப் பார்த்ததும் படித்தாயிற்று என்று நினைத்துவிட்டேன். குளிர்கிடங்கில் இரவு வேலையை விட்டு மூன்று மாதமாகியும் எனக்குத் தூக்கம் திரும்பவில்லை. அதைக் காரணமாகச் சொல்லவில்லை. எழுதும் பொத்தானைத் தட்டினேன். திரையில் கோடு பாதியைத் தாண்டியபோதுதான் அந்தப் 'பழசு' ஃபைலின் தேதி முந்தின நாளுடையது என்று கவனித்தேன். நடுவில் நிறுத்தினால் எஞ்ஜின் கணினியே செத்துவிடும். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, டீனுடையதை அழித்துக்கொண்டே கோடு கடைசிவரை போவதைப் பார்த்தேன்.

ரேலீன் வந்து சில்லென்ற காபி டப்பாவை என் கையில் வைத்தாள். எஞ்ஜினைப் போட்டுக் காட்டினேன். தையல் மிஷின் மாதிரி ஓடியது. தலையை ஆட்டிவிட்டு, கிளம்புவதற்கு முன் டீனுடையதை ஒரே ஒரு தடவை திருப்பிப் போடச் சொன்னாள். அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு எடுத்துவிடலாமாம்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். அதே சாதுவான ஃபைலை இரண்டாவது தடவை எழுதினேன். சத்தம் ஏன் மாறவில்லை என்று கேட்டால் வெயில் மேல் பழியைப் போடலாம் என்று இருந்தேன்.

அவள் ஓட்டுநர் சீட்டில் பக்கவாட்டாக உட்கார்ந்து, இரண்டு காலையும் வெளியே சிமென்ட் தரையில் வைத்தபடி சாவியைத் திருப்பினாள்.

ஓடியது தையல் மிஷின் இல்லை. ஒரு பக்கம் நொண்டி நொண்டி, தொண்டையில் எதையோ உருட்டுகிற மாதிரி ஓடியது. பிறகு மூன்று தடவை உறுமியது. சின்னது, சின்னது, நீளமாக ஒன்று.

லைல் மெல்லுவதை நிறுத்தினார்.

ரேலீனின் கால்கள் தரையில்தான் இருந்தன. லேப்டாப்பில் ஆக்ஸிலரேட்டரின் கோடு மூன்று தடவை ஏறி இறங்கியிருந்தது. மிதித்தால் ஒழிய அந்தக் கோடு ஏறாது. குனிந்து பார்த்தேன். ஷூவை எடுத்தால் எப்படி மேலே வருமோ அப்படி, நிதானமாக, பெடல் மேலே வந்துகொண்டிருந்தது.

"கிளம்புறதுக்கு முன்னாடி இப்படித்தான் மூணு மிதி மிதிப்பான்," என்றாள் ரேலீன். முகத்தைக் கையால் மூடிச் சிரித்துக்கொண்டிருந்தாள். "நீ எடுத்து வச்சிருக்க மாட்டேன்னு பயந்துட்டேன், கிம்."

லைலிடம் போய்ச் சன்னமாகச் சொன்னேன். டீனுடைய ஃபைல் என்னிடம் இல்லை, உள்ளே இருப்பது நான் எழுதியது, வேண்டுமானால் திரையில் பெயரைப் பாருங்கள் என்றேன். அவர் திரையைப் பார்க்கவில்லை. விரலில் இருந்த சாஸைத் துடைத்துக்கொண்டே வண்டியைப் பார்த்தார். பிறகு சுவரைக் காட்டினார். அவர் கையாலேயே சிவப்புப் பெயின்ட்டில் எழுதியது: எழுதியவனே முதலில் ஓட்ட வேண்டும்.

"நீங்க ஓட்டுங்களேன்," என்றேன்.

"நான் ஏற்கெனவே போய்ட்டு வந்தாச்சுடா."

ரேலீன் இறங்கி எனக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு சுற்றுப் போய்விட்டு வா, சாலையில் வரும்போது இங்கிருந்து கேட்கிறேன் என்றாள். மாட்டேன் என்றால் ஏன் என்று சொல்ல வேண்டும். ஏன் என்று சொன்னால் அந்த முகம் என்னவாகும் என்று நினைத்துப் பார்த்தேன். போய் உட்கார்ந்தேன்.

ரேலீன் என் தோள் உயரம்கூட இல்லை. ஸ்டியரிங்கை ஒட்டி உட்கார்ந்துதான் ஓட்டிக்கொண்டு வந்தாள். இப்போது சீட் கடைசிவரை பின்னால் தள்ளியிருந்தது. டீன் ஆறடி நான்கு அங்குலம். நான் காலை முழுக்க நீட்டியும் பெடல் எட்டவில்லை.

எஞ்ஜின் உறுமியது. சின்னது, சின்னது, நீளமாக ஒன்று.

ரேலீன் கதவைச் சாத்திவிட்டு இரண்டு எட்டு பின்னால் போனாள். அதற்கப்புறம்தான் பூட்டு விழுந்தது.