பதினோரு நாள் அனுபவம்

அத்தையின் அண்ணன் மகனுக்கு முப்பது வயதுக்குள் ஐந்து வேலைகள் போய்விட்டிருந்தன. அதனால் வேலையில் முன்னேறுவது எப்படி என்று ஊருக்குச் சொல்ல அவனுக்கு நிறைய நேரம் இருந்தது. தினமும் காலையில் உறவினர் அத்தனை பேருடைய போனிலும் ஓர் அறிவுரை வந்து விழும். 'செய்த வேலையைவிடச் செய்ததாகச் சொல்லிக்கொள்ளும் வேலை பெரிது.' 'மேலதிகாரியின் பெயரை ஒரு பேச்சில் மூன்று முறை சொல்.' கீழே, கைகட்டி நிற்கும் அவனுடைய படம். சித்தப்பா பிள்ளைகள் அவனுக்குப் பிரசங்கி என்று பெயர் வைத்தார்கள். அவன் அதையும் பாராட்டு என்று எடுத்துக்கொண்டான்.

அத்தைக்கு அந்த அறிவுரைகளைப் படிக்கிற வழக்கம் இல்லை. அவர் ஒரு பெரிய மருத்துவமனையின் ஆவண அறைக்கு இருபத்தெட்டு வருடமாகப் பொறுப்பாளர். கூரை வரை இரும்பு அலமாரிகள், அவற்றில் எண் வரிசையில் நோயாளிகளின் ஃபைல்கள். அத்தையின் கையெழுத்து இல்லாமல் பெரிய டாக்டராலும் ஒரு ஃபைலை வெளியே கொண்டுபோக முடியாது. முதுகுக்குப் பின்னால் ஊழியர்கள் அவரைப் பூட்டு என்பார்கள். அது அத்தைக்குத் தெரியும். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அத்தையின் அப்பா நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்தவர். 'அந்த வீட்டுக்காரங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்' என்று தெருவில் ஒரு பேச்சு இருந்தது. பிள்ளைகளுக்கு அவர் விட்டுப்போன சொத்து அது ஒன்றுதான். அண்ணன் தன் பங்கை எப்போதோ தீர்த்துவிட்டார். அத்தை தன் பங்கில் கைவைக்கவே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன், மகனைக் கூட்டிக்கொண்டு அத்தையின் வீட்டுக்கு வந்தார்.

"தங்கச்சி, ஒரு சின்ன விஷயம்."

அண்ணன் சின்ன விஷயம் என்று ஆரம்பித்தால் அத்தை நாற்காலியில் நிமிர்ந்துகொள்வார்.

"இவனுக்கு ஒரு பெரிய கம்பெனியில வேலை அமையப்போகுது. உனக்குப் போன் பண்ணி விசாரிப்பாங்க. நல்லதா ரெண்டு வார்த்தை சொல்லிடு."

"என்கிட்ட எதுக்கு விசாரிக்கணும்?"

"நான் உங்ககிட்ட வேலை பார்த்திருக்கேன்ல, அத்தை" என்று பிரசங்கி ஒரு வழவழப்பான தாளை நீட்டினான். அவனுடைய பயோடேட்டா. அத்தை கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். 'மருத்துவமனை ஆவணப் பிரிவு, பதினோரு மாதம். முழு ஆவண முறையையும் தலைமையேற்றுச் சீரமைத்தேன்.' மேற்பார்வையாளர் என்ற இடத்தில் அத்தையின் பதவியும் போன் எண்ணும் இருந்தன. அத்தை என்ற உறவு எங்கும் இல்லை.

"பதினோரு நாள்டா அது."

"நாள்னு போட்டா யாரு அத்தை படிப்பாங்க?"

அந்தப் பதினோரு நாளை அத்தை மறக்கவில்லை. மூன்று வருடம் முன்பு, பழைய ஃபைல்களுக்கு அட்டை மாற்றத் தற்காலிக ஆள் தேவைப்பட்டது. அண்ணன் கெஞ்சியதால் விண்ணப்பப் படிவத்தை மட்டும் வாங்கிக் கொடுத்தார். வந்தவன் முதல் வாரமே எண் வரிசை பழைய முறை என்று சொல்லி, இரண்டு அலமாரிகளைப் பெயர் வரிசைக்கு மாற்றிவிட்டான். ஒரே பெயருள்ள இரண்டு பெண்களின் தாள்களை ஒரே அட்டைக்குள் சொருகினான். அதில் ஒருத்திக்கு ஒரு மருந்து அறவே ஆகாது. வார்டு நர்ஸ் ஒருத்தி ஊசியைக் கையில் எடுத்த பிறகு சந்தேகப்பட்டு ஓடிவந்ததால் அந்த உயிர் பிழைத்தது. மறுநாள் காலை அவன் வேலைக்கு வரவில்லை. 'வளர்ச்சி இல்லாத இடத்தில் நிற்காதே' என்று உறவினர் அனைவருக்கும் அனுப்பியதை ஓர் உறவினர் படித்துக் காட்டிய பிறகுதான் அவன் வேலையை விட்டுவிட்டான் என்பது அத்தைக்கே தெரியவந்தது. அந்த இரண்டு அலமாரிகளையும் ஒழுங்குக்குக் கொண்டுவர அவருக்கு மூன்று வாரம் பிடித்தது.

"ரெண்டு பொம்பளைங்க ஃபைலை ஒண்ணா சொருகினது சீரமைப்பா?" என்று கேட்டார்.

"தோல்வியையும் அனுபவமா மாத்திச் சொல்லத் தெரியணும், அத்தை. இன்னிக்கு அதுக்குத்தான் சம்பளம்."

"அந்தம்மா செத்துப்போயிருந்தா, அதை எப்படி மாத்திச் சொல்லியிருப்ப?"

அண்ணன் குறுக்கே விழுந்தார்.

"பழசை எதுக்குக் கிளறுற? நிரந்தர வேலை இருந்தாத்தான் கல்யாணப் பேச்சுன்னு பொண்ணு வீட்டுல சொல்லிட்டாங்க. எல்லாம் உன் வாயிலதான் இருக்கு. எந்த அத்தையாவது அண்ணன் பிள்ளைக்கு மாட்டேன்னு சொல்லுவாளா?"

"கேட்டா நடந்ததைச் சொல்லுவேன்."

"அது போதும்" என்று அண்ணன் எழுந்துகொண்டார். தங்கச்சி கோபத்தில் பேசுகிறாள், நேரம் வந்தால் உருகிவிடுவாள் என்று அவர் நினைத்தார். அத்தனை வருடம் கூடவே வளர்ந்தும் அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்திருந்தது.

புதன்கிழமை காலை பதினோரு மணிக்கு ஆவண அறைக்குப் போன் வந்தது. கம்பெனியிலிருந்து ஓர் இளம்பெண்ணின் குரல்.

"மேடம், ஒரு ரெண்டு நிமிஷம். இவரை உங்களுக்கு எவ்வளவு காலமா தெரியும்?"

"பிறந்ததிலேருந்து. என் அண்ணன் பையன்."

"பத்து வருஷத்துக்கு மேல" என்று குரல் தனக்குத்தானே சொல்லிக்கொண்டது. "உங்ககிட்ட எவ்வளவு நாள் வேலை பார்த்தார்?"

"பதினோரு நாள்."

"ஒரு வருஷத்துக்குள்ள. அவர் எழுதினதுக்கும் இதுக்கும் சரியா வருது மேடம்."

"எப்படிம்மா சரியா வரும்? அவன் மாசம்னு எழுதியிருக்கான்."

"எங்களுக்கு ஒரு வருஷத்துக்குள்ளன்னா எல்லாம் ஒண்ணுதான் மேடம். வேலை எப்படிச் செஞ்சார்?"

அத்தை கதவைச் சாத்திவிட்டு வந்து சொன்னார். இரண்டு அலமாரி, இரண்டு பெண்கள், ஊசி, சொல்லாமல் போனது, ஒன்றையும் விடவில்லை. சொந்த அண்ணன் மகனைப் பற்றி அந்நியரிடம் இப்படிப் பேச வேண்டியிருக்கிறதே என்று அவமானமாக இருந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை.

அந்தப் பக்கம் கம்ப்யூட்டரில் எதையோ தட்டும் சத்தம் கேட்டது.

"மேடம், இதை எழுத இடம் இல்ல. நல்லா, ரொம்ப நல்லா, சிறப்பா. மூணுதான் இருக்கு."

"மோசம்னு இல்லையா?"

"மோசமானவங்களை நாங்க இவ்வளவு தூரம் கொண்டுவர மாட்டோம் மேடம். அவர் திங்கக்கிழமையே சேர்ந்துட்டார். இது சும்மா முறைக்குத்தான். 'நல்லா'ன்னு போட்டுக்கட்டுமா?"

"போடாத."

"ஏதாவது ஒண்ணு போட்டாத்தான் மேடம் அடுத்த பக்கம் திறக்கும்."

போன் வைக்கப்பட்டது. அத்தை ரிசீவரை, எச்சில் தம்ளரைப் பார்ப்பதுபோல் பார்த்தார். இவர் உண்மையைச் சொல்லச் சொல்ல, அங்கே அது பொய்யாகப் பதிவாகிக்கொண்டிருந்திருக்கிறது. வேலை கொடுப்பவனுக்கு ஆள் எப்படிப்பட்டவன் என்று தெரிய வேண்டியதில்லை. கேட்டோம் என்று காட்டினால் போதும். பிரசங்கியும் அந்தக் கம்பெனியும் ஒருவருக்கொருவர் நன்றாகவே பொருந்தியிருந்தார்கள். ஆனால் அந்தப் பொருத்தத்துக்கு நடுவில் மாட்டிக்கொண்டிருந்தது அத்தையின் பெயர். நடந்ததை முழுவதும் எழுதி, கையெழுத்துப் போட்டு, அன்றைக்கே கம்பெனிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினார். பதில் வரவில்லை.

அடுத்த ஞாயிறு அண்ணன் வீட்டுக்கு வரச்சொல்லி அழைப்பு வந்தது. போனபோது மாடி வீட்டின் கூடத்தில் பெண்ணின் அப்பா உட்கார்ந்திருந்தார். பேருந்து நிலையத்தில் நேரக் காப்பாளர். ஒல்லியான மனிதர், வெளுத்த சட்டை. அத்தையைப் பார்த்ததும் எழுந்து கைகூப்பினார்.

"உங்களைப் பார்க்கணும்னுதான் காத்திருந்தேங்க. கம்பெனி விஷயமெல்லாம் எனக்குப் புரியாது. ஆனா இருபத்தெட்டு வருஷம் ஒரே நாற்காலியில இருந்தவங்க ஒரு பையனைப் பத்தி நல்லதா சொல்லியிருக்கீங்கன்னு உங்க அண்ணன் சொன்னாரு, அதுக்கு மேல நான் விசாரிக்க ஒண்ணும் இல்ல. உங்க வார்த்தையை நம்பித்தான் பொண்ணைக் கொடுக்கிறேன். ரொம்ப நன்றிங்க."

அண்ணன் அவர் பின்னாலிருந்து தங்கச்சியைப் பார்த்துக் கண்ணாலேயே கெஞ்சினார். அண்ணி தேநீர்த் தட்டோடு நின்றுவிட்டாள். தலையை ஆட்டினால் போதும். ஆட்டாமல் சும்மா இருந்தால்கூடப் போதும்.

"நான் நல்லதா எதுவும் சொல்லலீங்க" என்றார் அத்தை.

எல்லாரும் சிரித்தார்கள். "அவ அப்படித்தான். செஞ்ச உதவியை வாய் திறந்து சொல்ல மாட்டா" என்று அண்ணன் எல்லாரையும்விடப் பலமாகச் சிரித்தார்.

"இந்தத் தன்னடக்கம்தான் அத்தைகிட்ட நான் கத்துக்கிட்டது" என்றான் பிரசங்கி.

அத்தைக்கு உடம்பு கூசியது. "ஐயா, உக்காருங்க" என்று நேரக் காப்பாளரிடம் சொல்லிவிட்டு, தான் நின்றபடியே, போனில் சொன்னதை வரி மாறாமல் சொன்னார். சிரிப்பு பாதியில் நின்றது. அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை.

நேரக் காப்பாளர் மெதுவாகத் திரும்பினார். அதுவரை மாப்பிள்ளை என்று கூப்பிட்டவர், "எத்தனை நாள், தம்பி?" என்றார்.

"நாள் கணக்குல பார்க்கக் கூடாது மாமா. அதுலேருந்து நாம என்ன எடுத்துக்கிட்டோம்னு..."

"நான் நாள் கணக்குலதான் கேக்கிறேன்."

பிரசங்கி அப்பாவைப் பார்த்தான். அப்பா தரையைப் பார்த்தார்.

"பதினொண்ணு."

"சரி, வீட்டுல பேசிட்டுச் சொல்றேன்" என்று அவர் தேநீரைத் தொடாமல் படியிறங்கிப் போனார். அவர் சொல்லி அனுப்பப்போவது என்ன என்று கூடத்தில் இருந்த எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

"திருப்தியா?" என்று அண்ணன் வெடித்தார். "பெத்த பிள்ளையா இருந்தா செய்வியா இதை? குடும்ப மானத்தைக் கூடத்துல போட்டு மிதிச்சிட்டியே! இனிமே இந்த வாசப்படி ஏறாத."

"மானம்னு சொல்றதுக்கு உனக்கு நாக்கு எப்படிண்ணே வருது? அந்தப் பொண்ணு நாளைக்கு என் முன்னால வந்து நிப்பா. அப்ப நீயா பதில் சொல்லுவ?"

மகன்தான் வாயைத் திறந்தான். அவனிடம் அழுகை இல்லை, வெட்கமும் இல்லை.

"விடுங்கப்பா. தப்பு என்மேலதான். சொந்தக்காரங்க பேரைப் போட்டிருக்கக் கூடாது. வெளியாளா இருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது."

அத்தை அவனை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தார். கோபம் வரவில்லை. கோபப்படுவதற்கும் எதிரே ஒரு ஆள் இருக்க வேண்டும். செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினார்.

தெருமுனையில் நேரக் காப்பாளர் நின்றுகொண்டிருந்தார்.

"உங்க அண்ணன் இதை மன்னிப்பாரா?"

"மாட்டார்."

"நீங்க பேசாம இருந்திருக்கலாமேங்க. எனக்கு எப்படித் தெரிஞ்சிருக்கப்போகுது?"

"நீங்க எனக்கு நன்றி சொன்னீங்க, ஐயா" என்றார் அத்தை. "அதை வாங்கிக்கிட்டு நான் வீட்டுக்குப் போக முடியாது."