கலங்கிய பொன்

கதை எழுதிப் பழகாத கை இது. தேர்ந்த எழுத்தாளர்கள் உலவும் கூடத்தில் செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு ஓரமாக நுழைகிறது. பிழை கண்டால் பெரியோர் பொறுத்தருள வேண்டும்.

அவள் பீர் காய்ச்சுபவள். பழைய லாரிக் கொட்டகையில் மூன்று எஃகுத் தொட்டிகள், ஒரு குளிர்பெட்டி, எந்நேரமும் ஈரமாய்க் கிடக்கும் தரை, அவ்வளவுதான் ஆலை. இரண்டு தொட்டிகளில் சாதாரண பீர். மூன்றாவதைக் கூட்டாளியிடம் மன்றாடி ஒரு முறைக்கு மட்டும் வாங்கி, ஏல் என்ற பீர் வகையைப் பெல்ஜியப் பாணியில் பொன்னிறமாகக் காய்ச்சி, 'பொன்' என்று பேரும் வைத்திருந்தாள். கோப்பைக்குப் பின்னால் செய்தித்தாளைப் பிடித்தால் ஓர் எழுத்து விடாமல் படித்துவிடலாம், அத்தனை தெளிவு.

"இன்னைக்கு ருசி பாக்க வர்ற ஓட்டல்காரர் சரின்னா தொட்டி உனக்கு. இல்லேன்னா அதுலயும் சாதா பீர்தான். அப்புறம் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கக் கூடாது" என்று கூட்டாளி கறாராகச் சொல்லியிருந்தான்.

எஞ்சியிருந்தவை ஐந்தே புட்டிகள். ஒவ்வொன்றின் அடியிலும் ஈஸ்ட் மெல்லிய மண்டியாகப் படிந்திருந்தது. அதை அசைக்காமல் தெளிவை மட்டும் சாய்த்து ஊற்றுவதில்தான் அந்த ஏலின் அழகு முழுவதும் இருந்தது.

உதவிக்கு அக்காவின் கணவர் வந்திருந்தார். மருந்துக்கடைக்காரர், கதவிடம்கூட மன்னிப்புக் கேட்டுவிட்டுத் திறக்கும் சுபாவம்.

"அத்தான், அடியில மண்டி நிக்கும். பாத்துக்கோங்க."

"மண்டி நின்னா என்ன செய்யணும்னு எனக்கா தெரியாது? ஆயுசு பூரா அதானேம்மா பண்றேன்."

வாசலில் கார்க் கதவு சாத்தும் ஓசை கேட்டது. "அப்போ சரி. இன்னைக்குக் கலக்கிடுங்க அத்தான்" என்று சொல்லிவிட்டு அவள் ஓடினாள்.

அசத்திவிடுங்கள் என்பதே அவள் சொன்னதன் பொருள். அவரோ மண்டி நிற்கும் மருந்துப் புட்டியைக் கலக்கிக் கொடுத்தும், மருத்துவர் எழுதிய சீட்டை எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றியுமே பழகியவர்.

ஓட்டல்காரரை அழைத்துக்கொண்டு அவள் திரும்பியபோது புட்டிகள் மேசையில் வரிசையாக நின்றன. அத்தான் தோள்பட்டையைத் தேய்த்துக்கொண்டு, கடமை முடித்த முகத்துடன் நின்றார். அவள் முதல் மூடியைத் திறந்தாள். ஏல் கூரையைத் தொட்டுவிட்டு ஓட்டல்காரரின் வெள்ளைச் சட்டையில் இறங்கியது.

"குளிக்க வர்றேன்னு நான் சொல்லலையேம்மா" என்றார் அவர், கண்ணாடியைத் துடைத்தபடி.

"என்ன பண்ணீங்க அத்தான்?"

"நீ சொன்னபடி கலக்கினேம்மா. ஒண்ணு விடாம, நல்லா."

"நல்லவேளை, காய்ச்சிடுங்கன்னு சொல்லல" என்றான் பின்னாலேயே வந்திருந்த கூட்டாளி.

அடுத்த மூன்றும் அதே வழியில் போயின. கடைசிப் புட்டியைக் கழுவுதொட்டியில் வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, மூடியை இம்மி இம்மியாக நெம்பினாள். நுரை போனது போக அரைப் புட்டி கோப்பையில் மிஞ்சியது; எலுமிச்சைச் சாறுபோலக் கலங்கல்.

ஓட்டல்காரர் முகர்ந்தார். ஒரு வாய் குடித்தார். மறுபடியும் குடித்தார்.

"ரொட்டி வாசனை. பின்னாடியே லேசா கிராம்பு. நல்லாருக்கும்மா. இதையே குடுங்க."

அவள் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். அவளால் முடியவில்லை.

"சார், நான் காய்ச்சினது இது இல்ல. அதாவது, இதுதான், ஆனா இப்படி இல்ல. பளிச்சுனு பொன்னா இருக்கும். பேரிக்கா வாசம் வரும். இன்னொரு நாள் வாங்க, ஒழுங்கா ஊத்தித் தர்றேன்."

"இன்னொரு நாள் வேற ஆலையில இருப்பேன். எனக்குப் பிடிச்சது இது. கலங்கலாவே தருவீங்களா, மாட்டீங்களா?"

கூட்டாளி அவள் காலை மிதித்தான். அத்தான் குற்றவாளிக் கூண்டில் ஏறியவரைப்போல நின்றார். அவள் கோப்பையை வாங்கி அடியில் இருந்ததைக் குடித்துப் பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது, அதுதான் எரிச்சலாக இருந்தது. பேரிக்காய் மட்டும் எங்கோ ஈஸ்டுக்கடியில் புதைந்து போயிருந்தது.

"தர்றேன்" என்றாள். "ஆனா பேர்ல பொன்னுனு போட மாட்டேன்."

"உங்க பிள்ளை, நீங்க பேர் வைங்க."

அவர் போனதும் அத்தான் மெல்ல அருகில் வந்தார். "என்னை மன்னிச்சுடும்மா."

"விடுங்க அத்தான். தொட்டி கெடச்சிடுச்சு" என்று சொல்லி, தரைதுடைப்பானை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

அன்று போனவை: நாலரைப் புட்டி ஏல், ஒரு வெள்ளைச் சட்டை, 'பொன்' என்று அச்சடித்த லேபிள் கட்டு ஒன்று, பேரிக்காய் வாசம், தெளிவு.