பின்சக்கரத்தின் அகலம்

டயர், ரிம், பேலன்சிங், அலைன்மென்ட். இருபத்திரண்டு வருஷமாக எனக்கு இதுதான் தொழில், ஒரே கடை. வண்டி வாசலில் திரும்பும்போதே எந்த டயர் எந்தப் பக்கம் தேய்கிறது என்று சொல்லிவிடுவேன். பெருமைக்குச் சொல்கிறேன் என்று நினைத்தால், ஆமாம், பெருமைக்குத்தான். அந்தக் குணம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. அதனால்தான் என் அக்காவின் கணவர் எனக்கு 'ஷோக்கு' என்று பேர் வைத்தார். நான் படியேறும் சத்தம் கேட்டாலே, "ஷோக்கு வந்தாச்சு, டீ போடு" என்று உள்ளே குரல் கொடுப்பார்.

மாமா ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவர். நாள் முழுக்க மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்து எண்ணுகிற உத்தியோகம். வெளியிலும் அதே புத்திதான். சட்டை வாங்கப் போனால் ஒவ்வொரு பொத்தானையும் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் எடுப்பார். பின்னால் நிற்கிறவர்கள் நெளிவார்கள், அக்கா தலையில் அடித்துக்கொள்வாள், அவர் காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டார். அப்படிப்பட்ட மனுஷர் ஐம்பத்திரண்டு வயதில் ஒரு ஸ்போர்ட்ஸ் செடான் வாங்கினார். இன்னொருவர் ஓட்டிய பழைய வண்டிதான், கருநீலம், எஞ்சினின் சக்தியெல்லாம் பின்சக்கரத்துக்குப் போகிற ரகம். அதில் உட்கார்ந்தால் அவருக்குப் பத்து வயது குறைந்துவிடும்.

வண்டியோடு வந்த ரிம்மில் இரண்டு விரிசல் விட்டிருந்தது. நாலையும் மாற்ற வேண்டும். ஒரு சனிக்கிழமை காலை மாமா கடைக்கு வந்தார், கையில் கோடு போட்ட தாள். ஒரு பக்கம் 'நாலும் ஒரே அளவு', இன்னொரு பக்கம் 'ஸ்டேகர்ட்'. முன்சக்கரம் ஒல்லியாகவும் பின்சக்கரம் அகலமாகவும் இருந்தால் அதை ஸ்டேகர்ட் என்போம். பின்னாலிருந்து பார்த்தால் வண்டி தோளை விரித்து நிற்கிற மாதிரி இருக்கும். தரையை நன்றாகவும் பிடிக்கும். ஆனால் ஒரு தொல்லை: முன்னால் உள்ளதைப் பின்னால் போட முடியாது. இந்த மாதிரி வண்டியில் பின்டயர்தான் சீக்கிரம் தேயும். நாலும் ஒரே அளவாக இருந்தால் அவ்வப்போது முன்னும் பின்னும் மாற்றிப் போட்டுச் சமாளிக்கலாம்.

மாமா இதையெல்லாம் எழுதிக்கொண்டு வந்திருந்தார். "நாலும் ஒரே அளவுதான்ப்பா எனக்கு" என்றார்.

நான் விட்டேனா. சுவரில் மாட்டியிருந்த ஒரு ஸ்டேகர்ட் செட்டை இறக்கி வண்டிக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தேன். "பாருங்க மாமா. இந்த வண்டிக்கு ஒரே அளவைப் போடறதும், கோட்டு போட்டுக்கிட்டு ரப்பர் செருப்பு மாட்டறதும் ஒண்ணு. வாழ்க்கையில ஒரு தடவையாவது தாளைக் கிழிச்சுப் போட்டுட்டு ஒரு காரியம் பண்ணுங்க."

அவர் சக்கரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சிரித்தார். தாளை மடித்துப் பையில் வைத்தார். அவருக்கு அந்த அகலம் பிடித்திருந்ததா, இல்லை மச்சினன் முகம் வாடக்கூடாது என்று சம்மதித்தாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கிளம்பும்போது, "உங்கக்கா கேட்டா நான்தான் ஆசைப்பட்டேன்னு சொல்லிடறேன். நீ சொன்னன்னு தெரிஞ்சா உன்னை உண்டு இல்லைன்னு ஆக்கிடுவா" என்றார்.

சொன்னபடியே செய்தார். அக்கா அன்று மாலையே பிடித்துக்கொண்டாள். அவள் பல் டாக்டரிடம் உதவியாளர். இருபது வருஷமாக ஊராரின் வாயைத் திறக்க வைத்தவள், வீட்டில் தன் வாயை மூடுவாளா. "தலை நரைச்சதுக்கு அப்புறம் அகலச் சக்கரம் கேக்குதா? யாருக்குக் காட்டப் போறீங்க?" என்று பொரிந்தாள். மாமா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். நான் அவர் போட்டுக் கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டு பூனை மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

பதினாலு மாதம் கழித்து, மழைக்காலத்தில், மாமா வண்டியைக் கொண்டுவந்தார். பின்டயர் இரண்டும் மொட்டையாகிக் கொண்டிருந்தன. டயரின் பள்ளத்துக்குள்ளே சின்ன மேடு ஒன்று இருக்கும், ரப்பர் தேய்ந்து அதோடு சமமாகிவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது. கிட்டத்தட்ட சமமாகியிருந்தது. முன்டயர் இரண்டும் புதுசு மாதிரி. அந்த அகல அளவு என்னிடம் இல்லை. மொத்த வியாபாரிக்குப் போன் போட்டேன். பத்து நாள் ஆகும் என்றார்.

"முன்னாடி உள்ளதைப் பின்னாடி போட முடியாது, இல்லை?" என்று மாமா கேட்டார். கேட்கும்போதே அவருக்குப் பதில் தெரியும்.

"முடியாது மாமா. அளவு வேற."

"சரி, அப்ப பஸ்ஸுல போயிக்கறேன்."

அதோடு விட்டிருக்கலாம். வேலைக்குப் போக அவருக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். அந்த மழையில் அவர் நனைவது எனக்குப் பொறுக்கவில்லை. அதைவிட, நான் போட்ட சக்கரத்தால் அவர் பஸ்ஸில் போகிறார் என்று அக்கா சொல்லிக்காட்டினால் எனக்கு இன்னும் பொறுக்காது. "பத்து நாள்தானே, மெதுவா ஓட்டுங்க, ஒண்ணும் ஆகாது" என்றேன். தொழில்காரன் சொல்கிறான் என்று அவர் நம்பினார்.

ஏழாம் நாள் மாலை வளைவில் பின்பக்கம் வழுக்கி, வண்டி ஒரு சுற்றுச் சுற்றி, பின்சக்கரம் இரண்டும் நடைபாதைக் கல்லில் மோதி நின்றது. மாமாவுக்கு ஒரு கீறல்கூட இல்லை. சக்கரம் என்ன ஆனது என்று பார்க்க இறங்கினார். பின்னால் வந்த வேனுக்கு மழையில் அவர் தெரியவில்லை.

இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். பிறகு இல்லை.

எல்லாரும் வேன்காரனைத் திட்டினார்கள். நானும் கூடச் சேர்ந்து திட்டினேன், ஒரு படி அதிகமாகவே. அக்கா மட்டும் மாமாவைத்தான் திட்டினாள். "ஷோக்குக்குப் போன உயிரு. நாலும் ஒரே மாதிரி போட்டிருந்தா வழுக்கியிருக்குமா?" என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள். அழவே இல்லை. அழ வேண்டிய நேரத்திலெல்லாம் அவளுக்குக் கோபம்தான் வந்தது. நான் அவள் பக்கத்தில் நின்று தலையைக் குனிந்துகொள்வேன். துக்கத்தில் நிற்கிறான் என்று நினைத்திருப்பார்கள்.

நாலு மாதம் இப்படியே போனது. போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் அக்கா அந்த வண்டியைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்து என் கடை வாசலில் நிறுத்த வைத்தாள். பின்பக்கத் தகர வேலை முடிந்து பெயின்ட் பளபளத்தது. பின்சக்கரம் இரண்டும் நசுங்கியபடியே இருந்தன.

"எல்லாரும் வித்துடுங்கறாங்க. நான் ஓட்டப் போறேன்" என்றாள். "நாலும் ஒரே அளவாப் போடு. அந்த மனுஷன் மாதிரி மினுக்கிக்கிட்டு அலைய எனக்கு ஆசையில்லை."

நான் ஜாக்கியைத் தள்ளிக்கொண்டு போய் வண்டியைத் தூக்கினேன். அவள் டயர் அடுக்குக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். நான் ஒவ்வொரு நட்டாகக் கழற்ற, அவள் ஒவ்வொரு வார்த்தையாகப் பேசிக்கொண்டிருந்தாள்.

"மைக்ரோஸ்கோப்புல அத்தனை பார்த்த மனுஷனுக்கு இது தெரியலை பாரு. முப்பது வருஷம் ஒழுங்கா இருந்துட்டு, கடைசியில ஒரு சக்கரத்துக்கு ஆசைப்பட்டு என்னைத் தனியா விட்டுட்டுப் போயிட்டாரு. இந்த ஜென்மத்துல நான் அவரை மன்னிக்க மாட்டேன்."

ஸ்பானரைக் கீழே வைத்தேன். இத்தனை நாளும் சொல்லாமல் இருந்ததற்கு எனக்கு ஆயிரம் காரணம் இருந்தது. அந்த நிமிஷம் ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை.

"அக்கா, அவர் ஆசைப்படலை. அவர் ஒரே அளவுதான் கேட்டாரு. தாள்ல எழுதிக்கூடக் கொண்டுவந்தாரு. நான்தான் பேசிப் பேசி அகலத்தைப் போட வச்சேன். நீ என்னைத் திட்டக்கூடாதுன்னு அவர் தன் மேல போட்டுக்கிட்டாரு."

அவள் என்னைப் பார்த்தாள். கோபம் வரும் என்று நின்றேன். வரவில்லை.

"டயர் தேஞ்சு போனது உனக்குத் தெரியுமா?"

"தெரியும். அவர் பஸ்ஸுல போறேன்னாரு. நான்தான் ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னேன்."

"ஒரே அளவா இருந்திருந்தா என்ன பண்ணியிருப்ப?"

"முன்னாடி இருந்த நல்ல டயர் ரெண்டையும் பின்னாடி மாத்திப் போட்டிருப்பேன்."

"அதுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?"

"அரைமணி நேரம்."

அவள் தலையை ஆட்டினாள், ஒரு விவரம் கேட்டுத் தெரிந்துகொண்ட மாதிரி. தெருவில் யாரோ ஹார்ன் அடித்துக்கொண்டே போனார்கள். நான் அவள் முன்னால் தரையில் உட்கார்ந்தேன்.

"ரெண்டாம் நாள் அவருக்கு நினைவு வந்துச்சு" என்றாள். "வாயில குழாய். பேச முடியாது. கையைப் பிடிச்சுக்கிட்டேன். அப்பவாவது நல்லதா நாலு வார்த்தை சொல்லியிருக்கலாம் நான். எனக்கு வயிறு எரிஞ்சது. 'உங்க ஆசைதானே இப்படிப் பண்ணிச்சு, சொல்லுங்க, உங்க ஆசைதானே'ன்னு கேட்டேன்."

நான் நிமிர்ந்து அவளைப் பார்த்தேன்.

"ஆமாம்னு தலையாட்டினாரு. அதுதான் அவர் எங்கிட்டக் கடைசியாச் சொன்னது."

சாகப்போகிற மனுஷர், அந்தக் குழாயோடு, எனக்காகச் சொன்ன பொய்யைக் காப்பாற்றிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். எனக்கு அது தெரியக்கூடத் தெரியாது.

"இல்லைன்னு ஆட்டியிருந்தா நான் விட்டிருக்க மாட்டேன். அப்ப யாருன்னு கேட்டுக் கண்டுபிடிச்சிருப்பேன். உன்னை வாசப்படி ஏறவிட்டிருக்க மாட்டேன். அது அவருக்குத் தெரியும்" என்றாள் அக்கா. அவள் குரல் அப்போதுதான் உடைந்தது. "அந்த நேரத்துல நீ எங்க இருந்தேன்னு ஞாபகம் இருக்கா?"

இருந்தது. அறைக்கு வெளியே பச்சை நாற்காலியில், கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். பத்தடி தூரம்.

"நீ உள்ள வந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நான் அவர்கிட்ட மன்னிப்புக் கேட்டிருப்பேன்டா. அவர் கேட்டுட்டுப் போயிருப்பாரு."

பிறகு அவள் அழுதாள். நாலு மாத அழுகை. நான் அவள் கையைத் தொடப் போனேன். அவள் கையை இழுத்துக்கொண்டாள்.