ஒற்றைத் தண்டை

நான் வேலணையில் பௌதிகம் படிப்பிக்கிற வாத்தியார். எனக்குப் பொறுமை குறைவு என்று பிள்ளைகள் சொல்வார்கள், அது உண்மைதான். 1984 மாசியில், ஊர்காவற்றுறைக்கு வெளியே கடலடியில் கிடந்த ஒரு வத்தையை ஆராய யாழ்ப்பாணத்திலிருந்து வந்த தொல்லியல் குழுவில் சம்பளமில்லாத சுழியோடியாகச் சேர்ந்தேன். சரக்கேற்றும் பாய்க்கப்பலைத்தான் எங்கள் பக்கத்தில் வத்தை என்போம்.

குழுத் தலைவர் பாலசிங்கம் முதல் நாளே சொல்லிவிட்டார். கீழேயிருந்து எதையும் எடுக்கக் கூடாது. கண்ணை நம்பாமல் நாடா பிடித்து அளக்க வேண்டும். யாராவது மறந்தால் அவரைவிட நான்தான் அதிகம் ஏசுவேன்.

வத்தை நிறையக் கூரை ஓடுகள், அடுக்குக் குலையாமல் இருந்தன. செய்தி புங்குடுதீவு வரை போய், அங்கே மடத்துவெளியிலிருந்து செல்லாச்சி அக்கா பஸ் ஏறி வந்துவிட்டார். அவருடைய தகப்பன் ஏரம்பு, வத்தையை ஓட்டிச் செல்கிற தண்டையல். ஓடு ஏற்றப் போனவர் திரும்பவில்லை. அப்போது அக்காவுக்கு நாலு வயது. சரக்கை விற்றுவிட்டு நாகப்பட்டினத்தில் இன்னொருத்தியோடு இருக்கிறார் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. தாய் அந்தக் கதையைக் கேட்டுக் கேட்டே செத்துப்போனாள்.

"பாய்மரம் நட முதல் குழிக்குள்ள காசு போடுறவை. அப்பு என்ரை காலில கிடந்த தண்டை ஒண்டைக் கழற்றிப் போட்டவராம். மற்றது என்னட்டை இருக்கு. அது கிடக்குதோ எண்டு பாத்துச் சொல்லும், தம்பி."

அடுத்த நாள் பள்ளிக்கூடம் முடிந்ததும் இறங்கினேன். பாய்மரம் இற்றுப்போன குழியில் இருந்த சேற்றைக் கையால் விசிற, கறுத்துப்போன வளையம் ஒன்று தெரிந்தது. சந்தோஷத்தில் இடுப்பில் நாடா இருப்பதையே மறந்துபோனேன். கண்ணுக்குத் தெரிந்த அளவிலேயே கையிலிருந்த பலகையில் படம் கீறிக்கொண்டு மேலே வந்தேன்.

கரையில் அக்கா தன் தண்டையைப் படத்தின் மேல் வைத்தார். கீறிய வட்டம் ஒரு விரல் அகலத்துக்குப் பெரிதாக இருந்தது.

"இது என்ரை இல்லை," என்றார். அழவில்லை. "அப்ப ஊர் சொன்னதுதான் சரி போல."

மறுநாள் பத்தாம் வகுப்பில், தண்ணீர்க் கிளாஸுக்குள் பென்சிலை விட்டு ஒளிமுறிவை விளங்கப்படுத்திக்கொண்டிருந்தவன், பாதியில் நிறுத்திவிட்டேன். சுழியோடியின் கண்ணாடிக்குள்ளால் பார்த்தால் கடலடியில் எதுவும் மூன்றிலொரு பங்கு பெரிதாகத்தான் தெரியும். அதை வருடக்கணக்காகப் படிப்பிக்கிற மடையன் நான்.

கடதாசியில் கணக்குப் போட்டுப் பார்த்தேன், பொருந்தியது. ஆனால் ஐம்பது வருடம் ஊர்வாயைச் சுமந்தவரிடம் என் கணக்கையும் நம்பச் சொல்ல மனம் வரவில்லை. திங்கட்கிழமையிலிருந்து கடற்படை யாரையும் கடலில் இறங்க விடாது என்று பேச்சு. ஞாயிறு ஒரு நாள்தான் மிச்சம். சனிக்கிழமையே மடத்துவெளிக்கு ஓடினேன்.

"அக்கா, நான் அளக்கேல்லை. பிழை என்ரை. உங்கடை தண்டையை ஒருக்காத் தாங்கோ."

எடுத்து வந்து தந்தார். "இதையும் கடலிலை விட்டிடாதையும்."

ஞாயிறு காலை அதை மணிக்கட்டில் கட்டிக்கொண்டு இறங்கினேன். குழிக்குள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்தேன். தண்ணீர் இரண்டையும் ஒரேயளவு பெரிதாக்கிக் காட்டியது. பூட்டுகிற கொளுவியில் இரண்டுக்கும் மூன்று முத்து. நாடா பிடித்தும் அளந்தேன், இரண்டு தரம்.

கரையில் அக்கா காத்து நின்றார். கட்டை அவிழ்த்துத் தண்டையை அவர் கையில் வைத்தேன்.

"இதின்ரை சோடிதான், அக்கா. அளந்தனான்."

"ஓடெல்லாம் அடுக்கினபடி கிடக்குதோ?"

"ஓம்."

"மற்றதை எடுத்தனீரோ?"

"இல்லை. எடுக்க ஏலாது." பாலசிங்கத்தின் சட்டத்தை அந்த நேரத்தில் வெறுத்ததுபோல் நான் என்றும் வெறுத்ததில்லை.

அக்கா தண்டையை முந்தானையில் முடிந்துகொண்டார்.

"கிடக்கட்டும், தம்பி. அது அப்புவோடை போனது. அவர் எங்களை விட்டிட்டுப் போகேல்லை." கடலைப் பார்த்தபடி நின்றார். "இதைக் கேக்க அம்மாதான் இல்லை."